மனையியல் ரீச்சரோடு கப்பலில் ஐந்து நாள்

மனையியல் ரீச்சருடைய வீட்டு விறாந்தையில் வைத்து, அவருடைய பெரிய சூட்கேசைத் தூக்குத் தராசின் கொக்கியில் மாட்டி, இருவரும் சேர்ந்து நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்துக்குத் தூக்கினோம். அவருக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. ஆகவே முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது என் வேலை. "இருபத்திமூண்டு" என்றேன். "சரியா இருபத்திமூண்டோ? வடிவாப் பாரும் ரீச்சர்" என்றார். குனிந்து இன்னொரு முறை பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. ஐந்து நாள் உல்லாசப் பயணத்துக்கு இருபத்துமூன்று கிலோ! உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பாதியைக் கட்ட நானே உதவியிருந்தேன். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் நாலு பக்கற், ஒடியல் மா, புழுக்கொடியல், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், பனங்கட்டி. "கப்பல்காரருக்கும் நீர்தானோ சமைச்சுப் போடப்போறீர்?" என்று கேட்டேன். "ஐஞ்சு நாள் உறைப்பில்லாமல் என்னாலை இருக்கேலாது" என்று சொல்லிவிட்டு, பூட்டின் இலக்கத்தை விரலால் தடவித் தடவிச் சுழற்றினார். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் ஒன்று தெரியும்: ஒரு வீட்டில் தூள் பக்கற்றைச் சூடுகாட்டி ஒட்டி, சூட்கேசைத் தராசில் தூக்கி, முள் விமானக்காரர் விடும் இருபத்துமூன்றில் நிற்கிறதா என்று பார்த்தால், அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் வெளிநாட்டுக்குப் போகிறது. முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த எனக்கு அன்றைக்கு அது பிடிபடவில்லை. மனையியல் படிப்பித்த மனுசி, குசினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று சிரித்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே பெண்கள் பாடசாலையில் படிப்பித்தவர்கள். நான் புவியியல், அவர் மனையியல். இணுவிலில் அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன வீட்டில் நான் தனியே இருக்கிறேன். ஏன் கலியாணம் செய்யவில்லை என்று கேட்பவர்களிடம், எங்கள் வயதுப் பெடியன்களில் கெட்டிக்காரர் எல்லாம் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள், மிச்சப் பேரை நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்வேன். அவர் மானிப்பாய், தேவாலயத்துக்குப் போகும் வேதக்காரக் குடும்பம். கணவர் காலமாகிப் பல வருடம், ஒரே மகன் கனடாவில். நாங்கள் ஒருநாளும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் ரீச்சர், எனக்கும் அவர் ரீச்சர். பென்சன் எடுத்து வீட்டோடு இருந்த பிறகும் அந்த 'நீரும்' 'உமக்கும்' மாறவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு நான் சைக்கிளை எடுத்தால் நாலரைக்குள் அவருடைய படலை வாசலில் நிற்பேன். தேத்தண்ணி, பருத்தித்துறை வடை, அதோடு அன்றைய ஊர்ப் புதினம். யாருடைய மகள் யாரோடு, எந்தக் கோயில் நிருவாகத்தில் யார் யாரோடு கொழுவல், எந்த வீட்டுக்கு மேல்மாடி எழும்புகிறது என்று ஆறு மணி வரை அலசுவோம். நான் கொஞ்சம் நாக்கு நீளமானவள். என் பேச்சைக் கேட்டுக் கோபிக்காமல் சிரித்தவர் என் வாழ்நாளில் அவர் ஒருவர்தான்.

எங்கள் பகுதியில் வெளிநாடு போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. கண்ணூறு பட்டுவிடும், யாராவது மொட்டைக் கடிதமாகப் பெட்டிசம் அடித்து விசாவைக் குழப்பிவிடுவார்கள், ஏஜென்சிக்காரன் ஏமாற்றித் திரும்பி வந்தால் ஊர் சிரிக்கும். இப்படி ஆளுக்கொரு காரணம். சண்டைக் காலத்தில் அதற்கு இன்னும் வேறு காரணங்கள் இருந்தன. காரணமெல்லாம் போன பிறகும் வழக்கம் மட்டும் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கும். வயிற்றுக்குச் சரியில்லையாம் என்பார்கள். இரண்டு கிழமை கழித்து, போய்ச் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி வந்த பிறகுதான் வீட்டார் வாய் திறப்பார்கள். இரசாயன ரீச்சர் அப்படிப் போனார். எனக்குப் பக்கத்து மேசையில் பதினொரு வருடம் இருந்த சங்கீத ரீச்சர், வெள்ளிக்கிழமை என்னிடம் குடை இரவல் வாங்கிக்கொண்டு போய் நோர்வேயில் இறங்கினார். என் சொந்தத் தம்பியே விமானம் ஏறிய பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னார். கடைசியில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். இவரும் போய்விடுவாரோ என்பதுதான் பென்சன் எடுத்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே பயம், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. மகன் கூப்பிடுகிறான் என்று கேள்விப்படும்போதெல்லாம் பகிடி போலக் கேட்டுப் பார்ப்பேன். "அந்தக் குளிருக்கை போய் நான் என்ன, ஐஸ் அள்ளுறதே? உம்மை விட்டிட்டு எங்கை போறது?" என்பார். நான் நம்பினேன்.

கப்பல் யோசனை மகனுடையது. அம்மாவுக்கும் ரீச்சருக்கும் என்னுடைய அன்பளிப்பு என்று இரண்டு பேருக்கும் இடம் பதிந்துவிட்டதாகப் போனில் சொன்னார். சென்னையில் ஏறி, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களைத் தொட்டு மறுபடி சென்னையில் இறக்கிவிடும் கப்பல். அதாவது நாங்கள் எங்கள் பக்கத்து விமான நிலையமான பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே கப்பல் ஏறித் தீவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்குவரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு பலாலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் காங்கேசன்துறைக்கு உல்லாசப் பயணிகளாக வந்து, சில மணித்தியாலம் எங்கள் ஊரைப் பார்த்துவிட்டு மறுபடி சென்னைக்குப் போக வேண்டும். அங்கிருந்து திரும்பவும் பலாலி. புவியியல் ரீச்சருக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டாம். பழைய அட்லசை எடுத்து அந்தப் பாதையைப் பென்சிலால் வரைந்து காட்டினேன். ரீச்சர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தாளை மூக்கோடு வைத்துப் பார்த்தார். "ஒருக்காப் போவம் ரீச்சர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இடமும் போகேல்லையே" என்றார். அவர் அப்படிக் கெஞ்சும் குரலில் எதையும் கேட்டதில்லை. நான் சம்மதித்தேன்.

கப்பல் என்றால் நான் நினைத்தது வேறு, கண்டது வேறு. மாடி மாடியாகப் பன்னிரண்டு தட்டு. லிஃப்டுக்குள் கண்ணாடி. எங்கள் அறையில் இரண்டு கட்டிலும் ஒரு வட்ட யன்னலும். அறைத் திறப்பு சாவியல்ல, ஒரு மட்டை. அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, சேலைக்குக் கீழே சொக்ஸும் சப்பாத்துமாக இரண்டு கிழவிகள் திரிந்தோம். ஏறிய முதல் மணித்தியாலத்திலேயே எங்கள் மானம் போனது. ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும் என்று காட்டுவதற்கு ஓர் ஒத்திகை வைத்தார்கள். சங்கு ஏழு தரம் குறுக்கியும் ஒரு தரம் நீட்டியும் ஊதியது. மற்றவர்கள் ஐஸ்கிறீமும் கையுமாக ஆடியசைந்து வர, நானும் ரீச்சரும் முதல் சத்தத்திலேயே அறைக்குள் ஓடி, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கி, அடையாள அட்டையைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையில் முதலாவதும் இரண்டாவதுமாக நின்றோம். ஒரு பணிப்பெண் வந்து, பைகள் தேவையில்லை, அட்டையும் தேவையில்லை, இது வெறும் பயிற்சி என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். எங்கள் பைகளுக்குள் இருந்ததை அவள் பார்த்திருந்தால் இன்னும் வியந்திருப்பாள். என்னுடையதில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பென்சன் புத்தகம். எத்தனையோ தரம் இடம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் கோயிலுக்குப் போனாலும் இந்தப் பையோடுதான் போவார்கள். ரீச்சருடைய பையிலும் ஒரு தடித்த கோப்பு. கலியாணப் பதிவு, கணவரின் மரணச் சான்றிதழ், எக்ஸ்ரே படங்கள்கூட இருந்தன. எக்ஸ்ரே எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. என்னைவிடப் பயந்த மனுசி என்று முடிவுகட்டிவிட்டு, இருவரும் கட்டிலில் இருந்து வயிறு நோகச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் அடங்கிப்போனார். சாப்பாட்டு மண்டபத்தில் நூறு வகை இருந்தது, ஒன்றிலும் உறைப்பில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், "அந்தத் தூளைக் கொஞ்சம் எடுமன், இந்தக் கிழங்குக்குப் போடுவம்" என்றேன். "அது அடியிலை கிடக்கு ரீச்சர், கிண்டக் கஷ்டம்" என்றார். அடுத்த நாள் கேட்டபோதும் அதே பதில். பெரிய சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போனது போனதுதான், அதை அவர் திறக்கவேயில்லை. நீச்சல் குளத்தடியில் பாட்டுப் போட்டு வடநாட்டுக் குடும்பங்கள் ஆடின. ஒரு பெண் வந்து எங்கள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் இரண்டு சுற்று ஆடினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றாகவே ஆடினேன். திரும்பிப் பார்த்தால் ரீச்சர் கதிரையைக் கடலுக்கு முகமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். புதினம் ஒன்றும் இல்லை. நடுக்கடலில் யாரைப் பற்றிக் கதைப்பது? முப்பது வருடப் பழக்கத்தில் முதன்முதலாக எங்களுக்குள் பேச ஒன்றுமில்லாமல் போனதை உணர்ந்தேன். கப்பல் நிறையச் சனம், பக்கத்தில் சிநேகிதி, ஆனாலும் வீட்டில் தனியே இருக்கும்போதுகூட எனக்கு அப்படி ஒரு தனிமை வந்ததில்லை.

திருகோணமலையில் நான் ஒரு காரியம் செய்தேன். அந்தத் துறைமுகம் எனக்குப் புதிதல்ல. சண்டைக் காலத்தில் பாதை மூடிக் கிடந்தபோது, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குச் சனங்களை ஏற்றிய கப்பலில் நான் வந்திருக்கிறேன். அடித்தட்டில் வெறும் இரும்பில் இருந்து, மடியில் பையும் கையில் சத்தி எடுக்கும் பொலித்தீனுமாக வந்த பயணம். கொழும்பில் மாமிக்குச் சுகமில்லை என்று பாடசாலையில் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். உண்மையில் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டிருந்தேன். அதற்கு முதல்நாள் பின்னேரம் மனையியல் ரீச்சருடைய குசினியில் இருந்து அவர் சுட்ட பாலப்பம் நாலு சாப்பிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. கொழும்பு லொட்ஜில் ஏழு மாதம் காத்திருந்தேன். ஏஜென்சிக்காரனின் தொலைபேசி ஓய்ந்துபோனது. அதே கப்பலில் திரும்பி வந்தேன். ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிப் பார்த்தார்கள். ரீச்சர் மட்டும் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பிட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் மூடியில் பாதி போட்டு என் பக்கம் தள்ளினார். "சாப்பிடும், மெலிஞ்சு போனீர்" என்றார். எங்கே போனீர், ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அவர் கேட்காததாலேயே அது எனக்குள் ஆறாமல் கிடந்தது. ஆகவே கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பிய நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரீச்சர், நான் அந்த முறை உமக்குச் சொல்லாமல் போனது..." என்று தொடங்கினேன். அவர் என் கையின் மேல் கை வைத்து அழுத்தினார். "விடும் ரீச்சர். சொல்லாமப் போறவைக்கு மட்டும் நெஞ்சுக்குள்ளை சுகமே?" என்றார். என்னைத் தேற்றுகிறார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. என்னுடைய கதையை என்னுடையது என்று மட்டும் நினைத்த மடைச்சி நான்.

அடுத்த நாள் காலை காங்கேசன்துறை தெரிந்தது. வெளிச்சவீடு, ஓய்ந்து கிடக்கும் சீமெந்துத் தொழிற்சாலை, அதற்குப் பின்னால் பனைகள். மேல்தட்டில் எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கூட்டத்துக்குக் கையை நீட்டி நீட்டி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் திட்டம் ஏற்கெனவே தயார். மற்றவர்கள் பஸ்ஸில் நல்லூரும் கோட்டையும் பார்க்கப் போகட்டும். நாங்கள் ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், ஒரு கறியும் சம்பலும் சோறும் வைத்து உறைப்பாகச் சாப்பிட்டுவிட்டு, சங்கு ஊதமுன் வந்துவிடலாம். ரீச்சர் சப்பாத்துப் போடாமல் கட்டிலில் இருந்தார்.

"நான் இறங்கேல்லை ரீச்சர். நீர் போயிட்டு வாரும்."

"ஏன்? சுகமில்லையோ?"

"அப்பிடியொண்டுமில்லை. வெளிக்கிட்ட ஆள் திரும்பி வீட்டுக்குள்ளை கால் வைக்கக்கூடாது."

"ஐஞ்சு நாள் பயணத்துக்கு ஆர் உதெல்லாம் பாக்கிறது? அதுவும் நீர்?"

 பூனை குறுக்கே போனால் நான் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பதைப் பார்த்து முப்பது வருடமாகச் சிரித்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். நாள் நட்சத்திரம், சகுனம் எதுவும் அவர் அகராதியில் கிடையாது. அந்த வாயிலிருந்து இது வந்ததும் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது. "போறதெண்டால் உம்மடை வீட்டை மட்டும் பாத்திட்டு வாரும்" என்று வேறு சொன்னார். அதற்குப் பிறகு நான் அவருடைய வீட்டுக்குப் போகாமல் இருப்பேனா?

கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி, "சொந்த ஊருக்கே சுற்றுலாவோ அம்மா?" என்று கேட்டார். வேறு நேரமென்றால் நல்ல பதிலாகக் கொடுத்திருப்பேன். ஓட்டோவில் ஏறி இணுவிலில் நிற்பாட்டாமல் நேரே மானிப்பாய்க்கு விடச் சொன்னேன். அவருடைய வீட்டுத் திறப்பு ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். கதவைத் திறந்து உள்ளே போனேன். ஃபிறிட்ஜின் மின்சாரம் பிடுங்கப்பட்டு, கதவு மூடாமலிருக்கத் துணி மடித்து வைத்திருந்தது. குசினியில் சரக்குப் போத்தல்கள் எல்லாம் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இதைக்கூட மனையியல் ரீச்சரின் சுத்தம் என்று மனதைச் சமாதானப்படுத்தலாம். விறாந்தையைத் தாண்டி நடு அறைக்கு வந்தேன். சுவரில் அவருடைய கணவரின் படம் இருந்த இடத்தில், சுவரின் மற்றப் பகுதியைவிட வெளிறிய ஒரு சதுரம் மட்டும் இருந்தது. கனமான தேக்குச் சட்டம் போட்ட படம். ஐந்து நாள் உல்லாசப் பயணத்துக்கு எந்தப் பெண்ணும் செத்துப்போன புருசனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போவதில்லை. அந்த இருபத்துமூன்று கிலோவில் அதுவும் இருந்திருக்கிறது. நான்தான் கொக்கியில் மாட்டித் தூக்கியிருக்கிறேன்.

அங்கிருந்த கதிரையில் இருந்துவிட்டேன். முதலில் கோபம் வந்தது. கப்பலுக்குத் திரும்பிப் போகாமல் விடலாம், என் உடுப்புப் பை போனால் போகட்டும், சொல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று அவரும் ஒருக்கால் அறியட்டும் என்று நினைத்தேன். அவர் அதை ஏற்கெனவே அறிந்தவர், அறியவைத்தவள் நான்தான் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. கோபம் போய்ப் பயம் வந்தது. நாளைக்கு மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கு நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன்.  வெளியே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். கண் தெரியாத மனுசி சென்னையில் படி இறங்கவேண்டும். அதைவிட, இன்னும் ஒரு முழுப்பகல் மிச்சம் இருக்கிறது. அதை வீறாப்புக்காக இழக்க எனக்கு மனம் வரவில்லை. வாசலில் இருந்த பூக்கன்றுகளுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

கப்பலின் ஏறுபடி முடிகிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். வெயில் முகத்தில் அடித்திருந்தது. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. என் உருவம் தெரியாமல், என் குரல் கேட்ட பிறகுதான் கையை நீட்டினார். "வந்திட்டீரே? நீர் வரமாட்டீரோ எண்டு பயந்து போனன்" என்றார். "பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்தினன்" என்றேன். எந்த வீட்டுப் பூக்கன்றுக்கு என்று அவர் கேட்கவில்லை. என் வீட்டு வாசலில் பூக்கன்றே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மிச்ச நேரம் முழுவதும் இருவரும் நடித்தோம். நான் நன்றாகவே நடித்தேன் என்று நினைக்கிறேன். கரை கண்ணிலிருந்து மறையும்வரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியாததையெல்லாம் நான் சொல்லிக் காட்டினேன். இப்போது வெளிச்சவீடு தெரிகிறது, இப்போது பனை மட்டும் தெரிகிறது, இப்போது ஒரு கோடு, இப்போது ஒன்றுமில்லை. "போதும் ரீச்சர்" என்றார். அடுத்த நாள் காலையில் அவருடைய தலையை இழுத்துக் கொண்டை போட்டுவிட்டேன். அவர் என் சேலைத் தலைப்பில் கழன்ற நூலைக் கண்ணோடு பிடித்துத் தைத்தார். பாடசாலையில் ஒருமுறை அவருடைய வகுப்புப் பிள்ளைகள் கேக்குக்குச் சீனிக்குப் பதில் உப்புப் போட்டு, அதைக் கல்விப் பணிப்பாளர் ஒரு சொல்லும் சொல்லாமல் விழுங்கிய கதையைச் சொல்லிச் சிரித்தோம். நான் கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு என்ன உரித்து இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட உண்மையான காரணம், கேட்டால் அவர் ஓம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம். கேட்காதவரைக்கும் அந்தப் படத்தைக் கண்ணாடி மாற்றக் கொடுத்திருக்கலாம் என்றொரு இடம் எனக்கு மிச்சம் இருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் மகன் நின்றார். தலை நரைத்த, வயிறு வைத்த மனிதர். என்னைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தார். அம்மாவின் பெரிய சூட்கேசைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, கார் பார்க்கப் போகிறேன் என்று விலகிப் போனார். நல்ல பிள்ளை. நாங்கள் இருவரும் ஒரு தூணோரம் நின்றோம்.

"உமக்குத் தெரியும், என்ன?" என்றார்.

"ஓம்."

"எப்பவிலையிருந்து?"

"முந்தநாள். உம்மடை வீட்டை போனன்."

 அவர் என் கழுத்தில் தொங்கிய கப்பல் மட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கண்ணுக்கு ஒப்பரேசன் செய்யவேணும். தனிய இருக்கேலாது எண்டு மகன் சொல்லிப்போட்டான். நாளையிண்டைக்கு பிளேன். உமக்குச் சொல்லத்தான் கப்பலிலை கூட்டிக்கொண்டு வந்தனான் ரீச்சர். ஒவ்வொரு நாளும் இண்டைக்குச் சொல்லுவம் எண்டு நினைக்கிறது. சொன்னா, போகாதையும் எண்டு நீர் சொல்லுவீர்."

"நான் சொல்லியிருக்கமாட்டன்."

"சொல்லியிருப்பீர். நீர் சொல்லியிருந்தா நான் நிண்டிருப்பன்."

இப்போதும் சொல்லலாம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு சொல். மகன் இன்னும் திரும்பவில்லை. அவர் முகத்தை என் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். வெண்புரை விழுந்த அந்தக் கண்ணுக்கு என் முகம் எவ்வளவு தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. கொழும்பில் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்தவளுக்குப் பாதிப் பிட்டைத் தள்ளிய கை என் கழுத்து மட்டையைப் பிடித்திருந்தது. "தூள் பக்கற்றுகளை நடுவிலை வைச்சனீரோ? ஓரத்திலை வைச்சா உடையும்" என்றேன். "நடுவிலைதான்" என்றார். "சரி. கவனமாப் போயிட்டு வாரும்." மகன் வந்தார். காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கச் சொல்லி, "ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லாதையும் ரீச்சர். நான் போய்ச் சேந்து போன் கோல் எடுக்குமட்டும்" என்றார். அந்த வேதக்கார மனுசிக்கும் கடைசியில் கண்ணூறுப் பயம் பிடித்துவிட்டது.

பலாலியில் தனியே வந்து இறங்கினேன். கோல் உடனே வரவில்லை. சென்னையில் காய்ச்சல் வந்து பயணம் பிந்தியது என்று பிறகு அறிந்தேன். இரண்டு கிழமையாக நான் ஊருக்குப் பொய் சொன்னேன். சென்னையில் கண் வைத்தியம் பார்க்கிறார், இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார். அவருடைய தேவாலயத்துப் போதகர் கேட்டபோது அவருக்கும் அதே பொய். யாரையாவது இழந்தால் நாலு பேர் வந்து துக்கம் விசாரிப்பார்கள். எனக்கு நடந்ததை விசாரிக்க ஒருவருமில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லித் திரிந்தவள் நானே. முன்பு எங்கள் ஆசிரியர் அறையில் ஒவ்வொரு கதிரையும் வெறுமையானபோது, போனவர்களைத்தான் திட்டினேன். அதை மூடி மறைத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் போன் அடித்தது. இலக்கம் நீளமாக இருந்தது. "வந்து சேந்திட்டன் ரீச்சர். சரியான குளிர். தூள் உடையேல்லை. இனி நீர் ஆருக்கும் சொல்லலாம்" என்றார். குரல் என் வீட்டுக் கிணற்றடியில் நின்று கதைப்பதுபோலத் தெளிவாக இருந்தது. நல்லது, போர்த்திக்கொண்டு படுத்திரும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு மானிப்பாய்ச் சந்தைக்குப் போனேன். நாங்கள் இருவரும் வழக்கமாக மரக்கறி வாங்கும் மனுசி, "எங்கை மற்ற ரீச்சரைக் காணேல்லை?" என்று கேட்டார். "கனடாவுக்குப் போட்டா" என்றேன். முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னேன். "அப்பிடியே? நல்லது, மோனோடை இருக்கட்டும்" என்று சொல்லிப் பயிற்றங்காயைச் சுற்றித் தந்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். மூன்று பின்னேரம் வைத்து அலசவேண்டிய புதினம், ஒரு வரியில் முடிந்துவிட்டது. பயிற்றங்காயைக் கூடையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். இப்படி ஒரு புதினத்துக்கு அந்த மனுசி முகத்தைக்கூடத் திருப்பவில்லை, இதை மனையியல் ரீச்சரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே, அவருடைய படலை வரை போய்விட்டேன்.